இலை நுனி எந்தப் பக்கம்?

வங்கித் தேர்வுக்கும் மற்ற போட்டித் தேர்வுகளுக்கும் படிப்பவர்கள், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்கிற இருக்கை வரிசைப் புதிர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். கட்டுக் கட்டாகக் கடிதம் வந்துவிட்டது. வங்கியில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் வகுப்பு எடுக்கிறேன். அங்கே பிள்ளைகள் தினமும் கேட்கிற அதே கேள்விகள்தான் கடிதங்களிலும் இருந்தன. பலருக்கும் பொதுவான ஐந்தையும், கடைசியில் வேறு மாதிரி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்.

*

“டீச்சர், எனக்கு 26 வயது. அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கு வருகிறது. இருக்கைப் புதிர் வந்தால் மட்டும் இடது வலது குழம்பிவிடுகிறது. வட்ட மேசை என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு இது வரவே வராதா?”
– ஒரு வாசகி, சிவகாசி

வரும்மா. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான் இது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா? இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கும்? சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம். மாற்றிப் போட்டால் பக்கத்தில் இருக்கிற பாட்டி உடனே திருப்பிப் போடச் சொல்வார்.

இப்போது அந்தப் பந்தியை வாசலில் நின்று பாருங்கள். இரண்டு வரிசை எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் சாம்பார் வாளியோடு ஒருவர் போகிறார். ஒரு வரிசையின் இலை நுனிகள் எல்லாம் மேடைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், எதிர் வரிசையின் நுனிகள் எல்லாம் வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அவரவருக்கு அவரவர் இடது பக்கம்தான் நுனி. ‘எதிரெதிர் இரு வரிசை’ என்று தேர்வில் வருகிற புதிர் இந்தப் பந்தியேதான்.

அதனால் ரஃப் ஷீட்டில் ஆளுக்கு ஒரு கோடு போடாதீர்கள், ஆளுக்கு ஒரு சின்ன இலை போடுங்கள். ஒரு பக்கம் கூராக இருந்தால் போதும். வடக்கு பார்த்து உட்கார்ந்தவர்களைக் கீழ் வரிசையில் வரையுங்கள். அவர்களுக்கு நுனி காகிதத்தின் இடது பக்கம். தெற்கு பார்த்தவர்கள் மேல் வரிசை. அவர்களுக்கு நுனி காகிதத்தின் வலது பக்கம். அதற்குப் பிறகு உங்கள் கை, அவர் கை என்று யோசிக்கவே வேண்டாம். ‘இடது பக்கம் மூன்றாவது’ என்றால் நுனி காட்டுகிற பக்கம் மூன்று இலை. ‘வலது’ என்றால் அடிப்பக்கமாக எண்ணுங்கள். ஒரே வரிசையில் சிலர் வடக்கு, சிலர் தெற்கு என்று கலந்து வந்தாலும் இதே இலைதான். யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியாதபோது மட்டும் நுனி போடாமல் வெறும் வட்டமாக விட்டுவையுங்கள். தெரிந்ததும் நுனி போட்டுக்கொள்ளலாம்.

வட்ட மேசைக்கும் இலை போடலாம். காகிதத்தின் கீழ்ப் பக்கம், அதாவது கடிகாரத்தில் 6 இருக்கிற இடத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் நடுவைப் பார்க்கிறார். நுனி காகிதத்தின் இடது பக்கம், 7-ஐ நோக்கி இருக்கும். அங்கிருந்து 8, 9 என்று போனால் அது கடிகாரம் சுற்றுகிற திசை. ஆக, நடுவைப் பார்த்து உட்கார்ந்த எல்லாருடைய நுனியும் கடிகார முள்ளோடு ஓடும். வெளியே பார்த்து உட்கார்ந்தவருக்கு மட்டும் நேர்மாறு.

நான் 1980-களின் தொடக்கத்தில் முதல் தடவை பி.எஸ்.ஆர்.பி. என்ற வங்கிப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதியபோது இப்படி ஒரு வட்டப் புதிர் வந்தது. எனக்கு இலை யோசனை அப்போது கிடையாது. காகிதத்தையே சுற்றிச் சுற்றித் திருப்பினேன். நாலாவது குறிப்புக்கு வரும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று மறந்துவிட்டது. போட்டதை எல்லாம் அழித்தேன். அந்த வருடம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அடுத்த தடவைக்குப் படிக்கும்போது அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டைகளை எடுத்துத் தரையில் வட்டமாக அடுக்கிப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது. இன்றைக்கும் வகுப்பில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன்.

இந்தப் புதிரைக் கொட்டை வைத்துப் போட்டுப் பாருங்கள்: எட்டுப் பேர் வட்ட மேசையைச் சுற்றி நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தைக்கு நேர் எதிரே சித்தி. அத்தை மாமாவுக்கு அடுத்த இருக்கையில் இல்லை. பாட்டி, தாத்தாவுக்கு இடது பக்கம் மூன்றாவது. சித்தப்பா, பாட்டிக்கு வலது பக்கம் உடனே அடுத்து. பாட்டிக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு பக்கம் இரண்டு பேர். அக்கா, சித்திக்கு இடது பக்கம் இரண்டாவது. எட்டாவது ஆள் தம்பி. தம்பிக்கு எதிரே யார்?

முதலில் வருகிற அத்தை, சித்தியைத்தான் பலர் முதலில் உட்கார வைப்பார்கள். வைத்துவிட்டு, அடுத்த குறிப்பை எங்கே கோப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். பாட்டி எத்தனை குறிப்பில் வருகிறார் என்று எண்ணுங்கள்: மூன்று. அதிகம் பேசப்படுகிற ஆள் இருக்கிற இடத்தில் தொடங்க வேண்டும். இருக்கைகளுக்குக் கடிகாரத் திசையில் 1 முதல் 8 வரை எண் போட்டுத் தாத்தாவை 1-இல் வையுங்கள். பாட்டி 4. சித்தப்பா 3. மாமா 7 அல்லது 1. ஆனால் 1-இல் தாத்தா இருக்கிறார், அதனால் 7. இப்போது அத்தை, சித்திக்கு வாருங்கள். காலியாக இருப்பவை 2, 5, 6, 8. இதில் எதிரெதிரே இருக்கிற ஜோடி 2-ம் 6-ம் மட்டும்தான். அத்தை மாமாவுக்கு அடுத்து இல்லை என்பதால் 6 கிடையாது, 2. சித்தி 6. அக்கா 8. தம்பி 5. எதிரே தாத்தா.

இன்னொன்றும் சொல்கிறேன், இது தெரிந்தால் பயம் பாதி போய்விடும். இடது என்பதைத் தப்பாக, கடிகாரத்துக்கு எதிர்த் திசை என்று எடுத்துக்கொண்டு இதே புதிரைப் போடுங்கள். பாட்டி 6-க்குப் போவார், மாமா 3-க்கு, அத்தை 8-க்கு. தம்பி? மறுபடியும் 5. எதிரே தாத்தாதான். கண்ணாடியில் பார்த்த மாதிரி படம் திரும்பியிருக்கும், அவ்வளவே. யாருக்கு எதிரே யார், யாருக்கு இடது பக்கம் யார் என்ற கேள்விகளுக்கு விடை மாறாது. ‘கடிகாரத் திசையில் எண்ணினால்’ என்று கேட்டால் மட்டும்தான் மாட்டிக்கொள்வோம். ஆக, உங்களைக் கெடுப்பது இடது வலது தெரியாதது அல்ல. பாதி வழியில் சந்தேகப்பட்டு மாற்றுவதுதான் கெடுக்கிறது. நுனியை ஒரு தடவை போட்டுவிட்டால் மாற்ற இடமே இருக்காது.

*

“அக்கா, ‘இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்’ என்று இரண்டு, மூன்று கேஸ் வந்தவுடன் எனக்குக் கை ஓடாது. ஒன்றைப் போட்டு, அழித்து, இன்னொன்றைப் போட்டு, கடைசியில் ரஃப் ஷீட்டே கிழிந்துவிடுகிறது.”
– ஒரு வாசகர், தேனி

அழிக்காதீர்கள் தம்பி. என் வகுப்பில் ரப்பருக்கு இடமில்லை. இரண்டு கேஸையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அளவில் போடுங்கள். செத்துப்போன கேஸின் மேல் ஒரே ஒரு கோடு அடித்து, எந்தக் குறிப்பால் அது செத்தது என்று பக்கத்தில் எண் போட்டுவையுங்கள். பின்னால் ஏதாவது இடித்தால் திரும்பிப் போய்ப் பார்க்க வழி இருக்கும். அழித்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒரு சின்ன உதாரணம். ஏ முதல் ஜி வரை ஏழு பேர் ஒரே வரிசையில் வடக்கு பார்த்து. இருக்கைகளுக்கு இடமிருந்து 1 முதல் 7 வரை எண். டி நட்ட நடுவில். டிக்கும் எஃபுக்கும் நடுவில் இரண்டு பேர். எஃபுக்கும் சிக்கும் நடுவில் ஒருவர். ஏ, சிக்கு வலது பக்கம் உடனே அடுத்து. ஜி, டிக்கு அடுத்து. இ ஓரத்தில் இல்லை. மிச்சம் பி.

டி 4. எஃப் 1 அல்லது 7. இங்கேயே இரண்டு வரிசை வரைந்துவிடுங்கள். முதல் வரிசையில் எஃப் 1, சி 3. இரண்டாவது வரிசையில் எஃப் 7, சி 5. இப்போது ஏ வருகிறார். முதல் வரிசையில் சிக்கு வலது பக்கம் 4, அங்கே டி உட்கார்ந்திருக்கிறார். கோடு அடித்துவிடுங்கள். இரண்டாவது வரிசையில் ஏ 6. ஜி, டிக்கு அடுத்து என்பதால் 3. 5-இல் சி இருக்கிறார். இ ஓரத்தில் இல்லை, அதனால் 2. பி 1. இடமிருந்து வலமாக பி, இ, ஜி, டி, சி, ஏ, எஃப். கோடு அடித்த கேஸ் உங்களுக்கு எதிரியாக வரவில்லை பாருங்கள். மூன்று குறிப்பு வரைக்கும் கூட வந்துவிட்டு அதுவே விலகிக்கொண்டது.

‘இல்லை’ என்று முடிகிற குறிப்புகளை முதலில் தொடாதீர்கள். ஓரத்தில் ‘இ × ஓரம்’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆளை உட்கார வைக்க அவை உதவாது. கேஸ்களில் ஒன்றைத் தள்ளுவதற்குத்தான் உதவும். அப்புறம், மூன்றாவது கேஸ் வரையப் போகிறீர்கள் என்றால் பேனாவை நிறுத்துங்கள். அநேகமாக ஒரு குறிப்பை அவசரப்பட்டு எடுத்திருப்பீர்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஏற்கெனவே உட்கார்ந்தவர் பெயர் வருகிற வேறு குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

*

“குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். அதற்கும் இவ்வளவு புதிர் பயிற்சி வேண்டுமா?”
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

இவ்வளவு வேண்டாம். குரூப் 4-இல் 200 கேள்வி. அதில் திறனறிவும் மனக்கணக்கும் சேர்ந்து 25தான். மிச்சம் தமிழும் பொது அறிவும். அந்த 25-இலும் தனி வட்டி, கூட்டு வட்டி, விகிதம், மீ.சி.ம., பரப்பளவு என்று கணக்குக்குத்தான் முதலில் நேரம் கொடுங்கள். ஐந்து, ஆறு பேரை வைத்துச் சின்னப் புதிர்கள் போட்டுப் பழகினால் போதும். தப்பான விடைக்கு அங்கே மதிப்பெண் குறைப்பும் இல்லை, அதனால் எதையும் காலியாக விட்டு வராதீர்கள். வங்கித் தேர்வுக்கும் சேர்த்துப் படிப்பதாக இருந்தால் கதை வேறு, அப்போது தினம் இரண்டு பெரிய புதிர் போட்டாக வேண்டும்.

*

“அம்மா, என் மகள் மூன்று வருடமாக வங்கித் தேர்வு எழுதுகிறாள். வீட்டில் எந்தப் புதிரைக் கொடுத்தாலும் போட்டுவிடுகிறாள். பிரிலிம்ஸ் என்கிற முதல்நிலைத் தேர்வில் ஒவ்வொரு தடவையும் ரீசனிங் பகுதியில்தான் கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தவறவிடுகிறாள். ஒரே புதிரில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லி அழுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?”
– ஒரு தகப்பனார், புதுக்கோட்டை

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மகளுக்கு அறிவிலோ உழைப்பிலோ குறை இல்லை. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடக் கூடாது என்று நாம் சொல்லி வளர்த்த பிள்ளை. இந்த ஒரு தேர்வில் அந்த நல்ல குணமே அவளுக்குக் குறுக்கே வருகிறது. இதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள். கிளார்க் பிரிலிம்ஸில் ரீசனிங் 35 கேள்வி, 20 நிமிடம். அந்த 20 நிமிடம் முடிந்தால் அந்தப் பகுதி மூடிவிடும், மிச்சமானதை ஆங்கிலப் பகுதியில் ஈடு கட்ட முடியாது. ஒரு கேள்விக்கு 34 வினாடி. ஐந்து கேள்வி உள்ள ஒரு புதிர் செட்டுக்கு மூன்று நிமிடம்கூட முழுதாக வரவில்லை. நன்றாகப் பழகியவர்களுக்கே நாலு, ஐந்து நிமிடம் பிடிக்கும். அப்படியானால் அந்தக் கூடுதல் நிமிடங்களை வேறு எங்கிருந்தாவது சேர்த்து வைத்துக்கொண்டுதான் புதிருக்குள் போக வேண்டும்.

அதனால் முதலில் புதிர் இல்லாத கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். சமனின்மைகள், கூற்றும் முடிவும், எழுத்து வரிசை, எண் வரிசை, திசை, உறவுமுறை இவையெல்லாம் கிட்டத்தட்டப் பாதி இருக்கும். ஆறு, ஏழு நிமிடத்தில் முடித்துவிடலாம். பிறகு மிச்சம் இருக்கிற 13 நிமிடத்தில் மூன்று செட் போட்டால்கூடக் கட்-ஆஃப் பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எல்லா செட்டையும் போட வேண்டியதில்லை.

எந்த மூன்று? இங்கேதான் அவளுக்குப் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு செட்டையும் இருபது வினாடி படித்துப் பார்க்கட்டும். எத்தனை பேர் என்று சொல்லியிருக்கிறார்களா? எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்களா? ‘மூன்றாவது’, ‘நேர் எதிரே’, ‘நட்ட நடுவில்’ என்று இடத்தைக் குத்தி நிறுத்துகிற குறிப்பு குறைந்தது இரண்டு இருக்கிறதா? இருந்தால் உள்ளே போகலாம். ‘வரிசையில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று மொத்தம் எத்தனை பேர் என்றே சொல்லாமல் தொடங்குகிற புதிரும், ஆளுக்கு ஒரு ஊர், ஒரு நிறம், ஒரு வயது என்று மூன்று மூட்டை தூக்கி வருகிற புதிரும் கடைசியில் நேரம் இருந்தால் பார்க்கட்டும்.

உள்ளே போன பிறகு மாட்டிக்கொண்டால்? அங்கேயே கேள்விகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே சிவகாசி வாசகிக்குக் கொடுத்த புதிரில் அக்காவும் தம்பியும் எங்கே என்று தெரிவதற்கு முன்னாலேயே அத்தை, மாமா, பாட்டி இருக்கிற இடம் தெரிந்துவிட்டது அல்லவா? அவர்களைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அப்போதே விடை போடலாம். ஐந்தில் இரண்டு கிடைத்தாலும் இரண்டு மதிப்பெண்தான். ஆனால் ஊகித்துப் போடக் கூடாது. ஒவ்வொரு தப்புக்கும் கால் மதிப்பெண் போய்விடும்.

வீட்டில் ஒரு பயிற்சி சொல்கிறேன், என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இதுதான் கைகொடுத்தது. அவளும் இதே மாதிரிதான், விட மாட்டாள். ஒரு மாதம் முழுக்க, ஒவ்வொரு மாக் டெஸ்டிலும் ஒரு செட்டைத் தொடாமலே விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொன்னேன். போடத் தெரிந்திருந்தாலும் விட வேண்டும். முதல் வாரம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாவது வாரத்தில் எதை விட வேண்டும் என்று அவளே சரியாகத் தேர்ந்தெடுத்தாள். இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். விட்ட செட்டைச் சாயங்காலம் நேரக் கணக்கு இல்லாமல் உட்கார்ந்து போடட்டும், அதற்குத் தடை இல்லை. அந்த ஆசையை அணைத்துவிடக் கூடாது.

*

“கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாமே, புதிர்களைத் தமிழில் படிப்பது நல்லதா, ஆங்கிலத்திலா?”
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

2021-இல் எடுத்த முடிவின்படி கிளார்க் தேர்வு தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. எந்த மொழியில் எடுப்பது என்பது நீங்கள் எதில் பழகினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘சிக்கு இடது பக்கம் இரண்டாவதாக இருப்பவருக்கு எதிரே இருப்பவர்’ என்று தமிழில் படியுங்கள். சியிடம் தொடங்கி, இரண்டு இலை தாண்டி, எதிரே போய் நிற்கிறோம். வாக்கியம் போகிற வழியிலேயே விரலும் போகிறது. ஆங்கிலத்தில் இதே வாக்கியம் போய்ச் சேர வேண்டிய ஆளில் தொடங்கி சியில் முடியும். அதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். நீளமான குறிப்புகளில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது என்பதை வகுப்பில் பல தடவை பார்த்திருக்கிறேன். பயிற்சிப் புத்தகங்கள் அதிகம் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆங்கிலத்தில் போட்டுப் பழகினாலும், குறிப்பை மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு நகருங்கள்.

*

கடைசிக் கடிதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவன். “எட்டுப் பேர் வட்டமாக உட்கார 7! வழி என்று வகுப்பில் சொன்னார்கள். ஏன் 8! இல்லை? இந்தப் புதிர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?” என்று கேட்டிருக்கிறான்.

உண்டு தம்பி, ரொம்ப நல்ல கேள்வி. வரிசையில் எட்டுப் பேர் என்றால் 8!, அதாவது 8×7×6×5×4×3×2×1 = 40320 வழி. வட்டத்தில் எல்லாரும் ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார்ந்தாலும் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது மாறாது. அப்படி எட்டு நகர்த்தலும் ஒன்றேதான். 40320-ஐ 8-ஆல் வகுத்தால் 5040, அதுதான் 7!. மேலே புதிரில் தாத்தாவை நான் யோசிக்காமல் 1-இல் உட்கார வைத்தேன் அல்லவா? அவரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்பதால்தான் அந்தத் துணிச்சல். அதற்குப் பிறகு மிச்ச ஏழு பேருக்கும் 5040 வழி இருந்தது. ஆறு குறிப்பில் அது ஒன்றாகக் குறைந்துவிட்டது.

நீ கணக்கில் ஆசை உள்ள பிள்ளை என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் ஒன்று தருகிறேன். எட்வார்ட் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1891-இல் கேட்ட கேள்வி இது. கணவன் மனைவி ஜோடிகள் வட்ட மேசையில் ஆண், பெண் என்று மாறி மாறி உட்கார வேண்டும். எந்தக் கணவனும் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. எத்தனை வழி? நாற்காலிகளுக்கு எண் போட்டிருந்தால், நாலு ஜோடிக்கு 40320 வழிகளில் 96 மட்டும்தான் தேறும். மூன்று ஜோடிக்கு 12. அதிலும் தாத்தாவை வைத்த மாதிரி ஒருவரை ஒரு நாற்காலியில் நிறுத்திவிட்டால் இரண்டே வழிதான். ஆறு புளியங்கொட்டை எடுத்துக்கொள், ஜோடிக்கு ஒரு நிறமாகச் சுண்ணாம்பும் மஞ்சளும் தடவு, ஒரு ஜோடியை அப்படியே விடு. அந்த இரண்டு வழியையும் கண்டுபிடித்து எனக்கு எழுது.